துவக்கு பார்க்கக் காசு

அமெரிக்காவில், ஓக்லஹோமா மாநிலத்தில், என் தங்கை மகன் ஒருவன் இருக்கிறான். நான் மினிப்பே இடதுகரைக் கால்வாயில் குளித்துவிட்டு, ஈரத் துவாயைத் தோளில் போட்டுக்கொண்டு வரம்பு வழியே வீட்டுக்கு ஏறும் நேரமாகப் பார்த்துத்தான் அவன் வீடியோவில் கூப்பிடுவான். போன மாதமும் அப்படித்தான். "மாமா, இங்க டல்சாவுல துவக்குக் காட்சி நடக்குது. பெரிய மண்டபம், நாலாயிரம் மேசைக்கு மேல போட்டிருக்காங்களாம். உள்ள போக டிக்கெட் வாங்கணும். போகலாமா, காசு வீணா?" என்றான். கேட்ட சூட்டோடு, "நீங்கதானே அந்தக் காலத்துல துவக்கு கிளாக்கர்" என்று ஒரு பட்டத்தையும் சூட்டி வைத்தான்.

எனக்கு உடனே பதில் வரவில்லை. வில்கமுவவில் இருந்துகொண்டு துவக்கைப் பார்க்கக் காசு கொடுக்கலாமா என்று யோசிப்பது, மாரிகாலத்தில் சேற்றை விலைக்கு வாங்கலாமா என்று யோசிப்பது போல. நாற்பத்தைந்து வருடமாக இந்தப் பக்கத்தில் நான் பார்த்த துவக்குக் காட்சிகளில் முக்கால்வாசிக்கு டிக்கெட் கிடையாது. சிலவற்றைப் பார்க்காமல் இருக்க இத்தனை ரூபாய் என்று யாராவது கேட்டிருந்தால் கடன் வாங்கியாவது கொடுத்திருப்பேன்.

துவக்கு என்றால் துப்பாக்கிதான், கடல் தாண்டி இதை வாசிப்பவர்களுக்குச் சொல்கிறேன். இரண்டும் துருக்கி வழி வந்த ஒரே சொல்லின் பிள்ளைகள் என்பார்கள். ஒன்று இந்தியாவில் தங்கிவிட்டது. மற்றது இங்கே சிங்களத்தில் துவக்குவ ஆகி, எங்கள் தமிழில் துவக்கு ஆகி நிற்கிறது. பெயர்தான் துவக்கு. அது எதையாவது துவக்கி வைத்து நான் பார்த்ததில்லை.

நான் முதன்முதலில் துவக்கைத் தொட்டது மாத்தளை முத்துமாரியம்மன் கோயில் மாசி மகத் தேரின்போது. அப்பாவுக்குத் திருகோணமலை வீதியில் ஒரு புடவைக் கடையில் வேலை. எனக்கு ஒன்பது வயது. தேர் இருப்புக்கு வந்து, அர்ச்சனைத் தட்டும் கையுமாக அம்மா கூட்டத்தில் கரைந்து போனதும், அப்பா என்னைப் பலூன் சுடும் கடைக்குக் கூட்டிப் போவார். ஒரு பலகையில் சிவப்புச் சீலை அடித்து, அதில் வரிசை வரிசையாகப் பலூன் கட்டியிருக்கும். கடைக்காரர் காற்றுத் துவக்கின் குழலை முழங்காலில் வைத்து மடித்து, கடுகுக்கு அண்ணன் போல இருக்கும் ஓர் ஈயச் சன்னத்தை நகத்தால் தள்ளி உள்ளே விட்டு, நிமிர்த்திக் கொடுப்பார். ஐந்து சன்னம் 25 சதம். அந்த 25 சதத்துக்காக ஒரு மாதம் முழுக்கப் பள்ளிக்கூட இடைவேளையில் வெறும் வயிற்றோடு சுற்றியிருக்கிறேன். நான் சுட்டதில் ஒரு பலூன்கூட உடைந்ததில்லை. குழல் வளைந்திருக்கிறது, ஏமாற்றுகிறான் என்று அப்பாவிடம் ஒவ்வொரு வருடமும் முறையிட்டேன். அவரும் ஒவ்வொரு வருடமும் ஆமாம் என்று தலையாட்டினார். இருபத்தெட்டாவது வயதில் கண் டாக்டர் என் மூக்கில் ஒரு கண்ணாடியை ஏற்றி, எதிர்ச்சுவரின் எழுத்துகள் தனித்தனியாகப் பிரிந்து நின்றபோதுதான், அந்தக் கடைக்காரரிடம் மன்னிப்புக் கேட்க வேண்டும் என்று தோன்றியது. அதற்குள் காலம் மாறிவிட்டது. 83 ஜூலைக் கலவரத்தில் அந்தக் கோயிலின் தேர்களுக்கே நெருப்பு வைத்தார்கள். இப்போது புதுத் தேர்கள் ஓடுகின்றன. பலூன் கடையும் வருகிறது. சன்னத்தின் விலையைக் கேட்டால்தான் நெஞ்சில் சுடுகிறது.

இருபத்து மூன்று வயதில் எனக்குக் கிளாக்கர் உத்தியோகம் கிடைத்தது. ரத்தோட்டை, ரிவர்ஸ்டன், பல்லேகம வழியாக பஸ் ஏறி இறங்கி, பாதி வழியில் மேகத்துக்குள் புகுந்து, மறுபுறம் வெயிலுக்குள் விழுந்து வந்து சேருவேன். பழைய பல்லேகம கடைத்தெருவில் பஸ் நிற்கும். கித்துள் கருப்பட்டியைக் கடித்துக்கொண்டு வெறுந்தேத்தண்ணீர் குடிப்போம். உள்ளங்கையில் வைத்த கருப்பட்டித் துண்டு, கடைசி மடக்கு வரைக்கும் வருமா வராதா என்பதுதான் அந்தப் பயணத்தின் ஒரே கவலை. இன்று அந்தத் தேத்தண்ணீர்க் கடை, அதன் வாங்கு, வாங்கில் நான் பேனாக்கத்தியால் கீறிய என் பெயரின் முதலெழுத்து எல்லாம் களுகங்கை நீர்த்தேக்கத்தின் அடியில் இருக்கின்றன. மேலே புது லக்கல நகரம் அகலமான வீதிகளோடு இருக்கிறது. அங்கேயும் தேத்தண்ணீர் கிடைக்கும். கடதாசிக் கோப்பையில் தருவார்கள்.

நான் வேலை பார்த்த கந்தோரின் பெயர் இங்கே வேண்டாம். எனக்குக் கொடுத்த மேசைகளில் ஒன்று துவக்கு மேசை. 1916ஆம் ஆண்டின் 33ஆம் இலக்கச் சுடுகலன் கட்டளைச் சட்டத்தின்படி லைசன்ஸ் இல்லாமல் துவக்கு வைத்திருக்க முடியாது. வருடா வருடம் புதுப்பிக்கவும் வேண்டும். ஒக்டோபரில் தொடங்கும் அந்தப் பருவம் டிசம்பர் 31இல் முடியும். சட்டம் ஒருபுறமிருக்க, பத்திரத்தோடு துவக்கையும் தூக்கிக்கொண்டு வந்து காட்டினால்தான் மரியாதை என்று எங்கள் பக்கத்துச் சேனைப் பயிர்க்காரர்களுக்கு ஒரு நினைப்பு. அதனால் டிசம்பர் கடைசி வாரத்தில் கந்தோர் முற்றத்துப் பலாமரத்தடியில் நடந்தது போன்ற ஒரு காட்சியை, டல்சாக்காரன் நாலாயிரம் மேசை போட்டாலும் நடத்த முடியாது.

அவற்றைக் கொண்டுவரும் விதமே ஓர் அழகு. பழைய சாரத்தில் சுற்றி, தலையணை உறையில் நுழைத்து, ஒருவர் மனைவியின் கலியாணச் சேலையின் முந்தானைத் துண்டில் பொதிந்து, பிள்ளையைக் கிளினிக்குக்குத் தூக்கி வருவதுபோல மார்போடு அணைத்து வருவார்கள். அவிழ்த்தால் ரங்கூன் எண்ணெய் மணக்கும். அது வாங்க வசதியில்லாதவருடையதில் தேங்காயெண்ணெய் மணக்கும். இங்கிலாந்தில் செய்த இரட்டைக்குழல் ஒன்றிரண்டு, அவற்றைக் கொண்டுவருகிறவர்கள் மட்டும் செருப்பு அணிந்திருப்பார்கள். பன்னிரண்டு போர் ஒற்றைக்குழல்கள் வரிசையாக மரத்தில் சாய்ந்திருக்கும். சோங்கு பிளந்து பித்தளைக் கம்பி சுற்றியது, குழலில் மான் கொம்பால் குறி வைத்தது, பாட்டன் காலத்து வாய்வழி மருந்து இடிக்கும் துவக்கு என்று எல்லாம் இருக்கும். சொந்தக்காரர்கள் அப்பால் குந்தியிருந்து வெற்றிலை போட்டுக்கொண்டு, அடுத்தவன் துவக்கை ஓரக்கண்ணால் பார்த்து, வாயால் தங்கள் துவக்கைக் குறை சொல்வார்கள். "என்னுடையது எதற்கு ஆகும், சத்தம் மட்டும்தான்" என்பவர்தான் மொத்த முற்றத்திலும் நல்ல குறிகாரர் என்று பிறகுதான் தெரிந்துகொண்டேன்.

எனக்கு அப்போது எல்லாம் தெரியும். ஜெய்சங்கர் படங்கள் முழுவதையும் பார்த்து முடித்திருந்தேன். துவக்கைக் கையில் வாங்கும்போது ஒற்றைப் புருவத்தை உயர்த்த வேண்டும் என்று கண்ணாடி முன்னால் நின்று பழகியிருந்தேன். அப்படிப்பட்ட என்னிடம் 1979 டிசம்பரில் கால்வாய்க்கு அக்கரையிலிருந்து ஒரு சீயா வந்தார். ஊரே அவரைச் சீயா, அதாவது தாத்தா, என்றுதான் அழைத்தது. நானும் அப்படியே அழைத்தேன். அவரை விட ஒரு சாண் உயரமான வாய்வழித் துவக்கை இரண்டு கையாலும் நீட்டி, மிகவும் பணிவாக, "பெஹெத் தியெனவா மாத்தயா" என்றார்.

மருந்து இருக்கிறது என்கிறார். என் சிங்களம் மாத்தளைக் கடைத்தெருச் சிங்களம். பெஹெத் என்றால் கசாயம், குளிசை, மிஞ்சினால் தைலம். மனிதருக்குச் சுகமில்லை போலும் என்று நினைத்து, "என்ன வருத்தம், சீயா?" என்று கேட்டேன். "வருத்தம் ஒன்றும் இல்லை மாத்தயா. மருந்துதான் இருக்கு." மருந்து கையிலிருந்தும் வருத்தத்தை ஒத்துக்கொள்ளாத கிழவர்களை எங்கள் வீட்டிலும் பார்த்திருக்கிறேன் அல்லவா? "நல்லது, வேளைக்குக் குடியுங்கள்" என்று புத்தி சொல்லிவிட்டு, புருவத்தை உயர்த்தி, குழலை மேலே தூக்கி, சுத்தியலைப் பின்னால் இழுத்து, விசையையும் இழுத்துப் பார்த்தேன்.

தமிழிலும் அதற்கு மருந்து என்றுதானே பெயர்! இரண்டு மொழியிலும் தெரிந்த ஒரு சொல்லை இரண்டு மொழியிலும் மறந்த ஒரே கிளாக்கர் நானாகத்தான் இருப்பேன். காதுக்குள் ஒரு கோயில் மணி அடித்து நின்றபோது அறை முழுக்கப் புகை. கூரையில் மூன்று ஓடு போன இடத்தில் வானம் நீலமாகத் தெரிந்தது. உள்ளறையிலிருந்து மேலதிகாரி ஐயா, பாதி தேத்தண்ணீர் சட்டையிலும் மீதி கோப்பையிலுமாக, வாசலில் வந்து நின்றார். முற்றத்தில் ஒரு மனிதர்கூட இல்லை, எல்லோரும் பலாமரத்துக்குப் பின்னால். சீயா மட்டும் அதே இடத்தில், அதே பணிவோடு, "நான் சொன்னேனே மாத்தயா" என்றார். அந்த வருடம் அவருடைய லைசன்ஸில் 'துவக்கு நல்ல நிலையில் உள்ளது' என்று நான் எழுதிய குறிப்பு, என் உத்தியோக காலத்தில் முழுமையாகப் பரிசோதித்து எழுதிய ஒரே குறிப்பு. மூன்று ஓட்டின் விலையைச் சம்பளத்தில் பிடித்தார்கள். யோசித்துப் பார்த்தால், துவக்குக் காட்சிக்கு நான் கட்டிய முதல் நுழைவுக் கட்டணம் அதுதான். கொடுத்த காசுக்குக் குறைவில்லாத காட்சி.

விண்ணப்பத்தில் 'தேவைக்கான காரணம்' என்று ஒரு கட்டம் உண்டு. எல்லோரும் அதில் காட்டுப்பன்றி என்றே எழுதுவார்கள். புதிதாக வருகிற யாராவது உண்மையைச் சொல்லி யானை என்று எழுதினால், 1937ஆம் ஆண்டின் வனசீவராசிகள், தாவரங்கள் பாதுகாப்புக் கட்டளைச் சட்டம் என்னவாகும் என்று நானே பயந்து, பேனாவைக் கொடுத்துப் பன்றி ஆக்கச் சொல்வேன். நான் கோப்பில் கட்டிய பன்றிகள் எல்லாம் உண்மையாகவே இருந்திருந்தால் எங்கள் பிரிவில் மனிதர் குடியிருக்க இடம் மிஞ்சியிராது.

ஆனால் ராத்திரிகள் உண்மையானவை. அறுவடை நெருங்கும் மாதங்களில் சேனைகளில் பரணுக்குப் பரண் கூப்பிட்டுக்கொள்வார்கள். ஒரு பரணில் பெல் கவி எடுத்தால், அடுத்த அடி அரை மைல் தள்ளி வேறொரு பரணிலிருந்து வரும். நடுவில் இருட்டும் தவளையும். நான் தங்கியிருந்த அறையின் யன்னலைத் திறந்து வைத்து, சொல் பாதி விளங்கியும் ராகம் முழுக்க விளங்கியும், கேட்டுக்கொண்டே தூங்கிப் போவேன். எங்கோ ஒரே ஒரு வெடி. மறுநாள் மத்தியானம் வரிசையாக ஏழெட்டு வீட்டில் மிளகு வறுக்கும் மணம் வரும். யார் வீட்டுப் பரணில் வெடித்தது என்று யாரும் கேட்கமாட்டார்கள். பொழுதுபடும்போது துவக்கு கிளாக்கர் வீட்டு வாசலிலும் ஒரு வாழையிலைப் பொட்டலம் இருக்கும். கடமை தவறாத உத்தியோகத்தனாக அதைக் கையால் தொடாமல், கரண்டியால் எடுத்துச் சட்டியில் போட்டுச் சூடாக்கினேன்.

இப்போது சேனை ஓரத்தில் மின்சார வேலி வந்துவிட்டது. வஸ்கமுவ 1984இல் தேசியப் பூங்காவானது. பூங்கா எங்கே முடிகிறது என்று மனிதருக்குப் பலகையும் யானைக்குக் கம்பியும் போட்டுச் சொன்னார்கள். எந்தக் கம்பியில் மின்சாரம் இல்லை என்பது எங்களுக்கு முன்னால் யானைக்குத் தெரிகிறது. மரக்கொம்பை ஒடித்துத் தூணில் சாய்த்துவிட்டு வருகிற யானையைப் பார்த்தால், கந்தோரில் இதைவிட மெதுவாக வேலை கற்றுக்கொண்டவர்களின் ஞாபகம் வருகிறது. அது கேலிக்கு. கேலி செய்யமுடியாதது, பூசணிக்காய்க்குள்ளும் வெள்ளரிக்குள்ளும் மறைத்து வைக்கிற ஹக்க பட்டாஸ் வெடி. வாய் கிழிந்த யானை தண்ணீர்கூடக் குடிக்க முடியாமல் கால்வாய்க் கரையில் நாட்கணக்கில் நிற்கும். 2023ஆம் ஆண்டில் மட்டும் நாட்டில் 400க்கு மேற்பட்ட யானைகள் செத்தன. அந்தக் கணக்கில் சுடப்பட்டவை, மின்சாரம் பாய்ந்தவை, ரயிலில் அடிபட்டவை எல்லாம் உண்டு. பரணில் விழித்திருந்து பாட்டுப் பாடிய மனிதர் இருந்த இடத்தில் இன்று ஒரு வெள்ளரிக்காய் காவல் இருக்கிறது.

குரங்குக்கோ வேலியும் இல்லை, வெட்கமும் இல்லை. ஒரு லட்சம் குரங்கைச் சீனாவுக்கு அனுப்பலாமா என்று 2023இல் அரசாங்கமே யோசித்தது. அது நடக்கவில்லை. பிறகு 2025 மார்ச் 15ஆம் திகதி காலை 8 மணியிலிருந்து 8.05 வரை, நாடு முழுக்க அவரவர் வளவில் நிற்கிற குரங்கு, மந்தி, மயில், மலை அணில் எல்லாவற்றையும் எண்ணச் சொன்னார்கள். ஓய்வு பெற்ற கிளாக்கருக்குக் கணக்கெடுப்பு என்றால் தீபாவளி மாதிரி. பென்சிலைச் சீவி, அட்டையில் கடதாசியைக் கவ்வி, 7.45க்கே தாழ்வாரத்தில் உட்கார்ந்துவிட்டேன். ஐந்து நிமிடத்தில் வந்தவை மூன்று. அதில் ஒன்று என்னை எண்ணிக்கொண்டிருந்தது. எட்டு ஐந்து ஆகி, கையெழுத்துப் போட்டு, பென்சிலைக் கீழே வைத்ததும் பலாமரத்தில் மொத்தக் கூட்டமும் இறங்கியது. துவக்கு இருந்திருந்தால், என்றாள் மனைவி. உன் கையில் இருந்திருந்தால் கூரை போயிருக்கும் என்று சொல்லவில்லை; கூரை யாரால் போகும் என்று அவளுக்குத் தெரியும்.

டிக்கெட் இல்லாத மற்றக் காட்சிகளைப் பற்றி அதிகம் எழுதக் கை வரவில்லை. 88, 89 கிளர்ச்சிக் காலத்தில் துவக்குகள் தாமாகவே வந்தன. இரவில் வந்து, வீட்டில் லைசன்ஸ் துவக்கு இருக்கிறதா என்று கேட்டவர்கள் ஒரு பக்கம். பகலில் வந்து, இரவில் வந்தவர்களுக்கு ஏன் கொடுத்தாய் என்று கேட்டவர்கள் மறுபக்கம். முன்யோசனைக்காரர்கள் தங்கள் துவக்கைப் பொலிஸில் ஒப்படைத்துவிட்டு ரசீதோடு வந்தார்கள். என் பதிவேட்டில் அந்த இரண்டு வருடமும் சிவப்பு மை: 'ஒப்படைக்கப்பட்டது', 'பலவந்தமாகக் கொண்டு செல்லப்பட்டது'. துவக்குக்கு என்ன நடந்தது என்று எழுதத்தான் கட்டம் இருந்தது. ஆளுக்கு என்ன நடந்தது என்று எழுத இல்லை. 2012 இறுதியில் மாத்தளையில் மண் வெட்டியபோது 150க்கு மேற்பட்டவர்களின் எலும்புகள் வந்ததும், அவை எந்தக் காலத்தவை என்று பல வருடம் வாதாடினார்கள். நான் பத்திரிகையை மடித்து வைத்துவிட்டேன்.

சீயாவின் துவக்கும் அப்படித்தான் போனது, ஓர் இரவில். அதற்குப் பிறகும் அவர் ஒவ்வொரு டிசம்பரிலும் வந்தார். சாரத்துணியை அவிழ்த்தால் உள்ளே பழைய லைசன்ஸ் மட்டும் இருக்கும். "துவக்கு இல்லாமல் புதுப்பிக்க முடியாது, சீயா." "அது வரும், மாத்தயா. வரும்போது பத்திரம் சரியாக இருக்க வேண்டாமா?" என்னால் முத்திரை குத்த முடியாது. தேத்தண்ணீர் வாங்கிக் கொடுப்பேன். குடித்துவிட்டு, கூரையில் நிறம் வேறுபட்டுத் தெரிகிற மூன்று ஓட்டை ஒருமுறை அண்ணாந்து பார்த்துச் சிரித்துவிட்டு, கடதாசியை அதே மடிப்பில் மடித்துச் சுற்றிக்கொண்டு போவார். தொண்ணூறுகளின் நடுவில் ஒரு டிசம்பரில் அவர் வரவில்லை.

நான் குடும்பத்தோடு போன பெரிய காட்சி 2010இல் பல்லேகலையில் நடந்த 'தெயட்ட கிருள்ள' கண்காட்சி. ஹசலக்கவிலிருந்து பதினெட்டு வளைவில் பஸ் ஏறியது. மகன் ஒவ்வொரு வளைவையும் எண்ணினான், மனைவி ஒவ்வொரு வளைவிலும் வாந்தி எடுத்தாள். (பாதையைத் திருத்திய பிறகு இப்போது பதினேழுதான் என்கிறார்கள். முன்னேற்றம் என்றால் அப்படித்தான், ஒரு வளைவு குறையும். பெயர் மட்டும் பதினெட்டு வளைவாகவே இருக்கும்.) யுத்தம் முடிந்து ஒரு வருடம்கூட ஆகவில்லை. முப்படைக் கூடங்களில்தான் கூட்டம். கவச வாகனத்தின் மேல் பிள்ளைகளை ஏற்றிப் படம் எடுத்தார்கள்; ஒரு சிப்பாய் பொறுமையாக ஒவ்வொரு பிள்ளையின் கக்கத்திலும் கை கொடுத்துத் தூக்கி இறக்கிக்கொண்டிருந்தான், அவனுக்கும் ஊரில் ஒரு பிள்ளை இருந்திருக்கும். நீளமான மேசைகளில் துவக்குகள், ஒவ்வொன்றுக்கும் ஒரு சீட்டு. எல்லோரும் சத்தமாக வாசித்துக்கொண்டு போனார்கள். நான் சத்தமில்லாமல் வாசித்தேன். வெளியே வந்தால் ஐஸ்கிரீம், பிளாஸ்டிக் வாளி, மூன்று வாங்கினால் ஒன்று இலவசம் என்று ஒரு சவர்க்காரம். மனைவி ஒரு திருவலை வாங்கினாள். அந்தக் கண்காட்சியில் எங்களுக்கு மிஞ்சியது அதுதான், இன்றைக்கும் நன்றாகத் திருவுகிறது.

பிறகு போன வருடம், பேரனின் பள்ளி விடுமுறைக்குக் கொழும்பு போயிருந்தபோது, மகன் எங்கள் இருவரையும் தேசிய நூதனசாலைக்குக் கூட்டிப் போனான். 1877இல் திறந்த வெள்ளைக் கட்டடம். டிக்கெட் கவுண்டரில் நான் வழக்கம்போல, "துவக்கு பார்க்கவா காசு?" என்று முணுமுணுத்தேன். பேரன், "சும்மா வாங்க தாத்தா" என்று இழுத்துப் போனான். அங்கே கண்ணாடிக்குள் லெவ்கே திசாவையின் பீரங்கி. 1745 அளவில் கண்டி அரசனுக்குப் பரிசாகக் கொடுத்தது. வெண்கலத்தில் வெள்ளியும் தங்கமும் இழைத்து, மாணிக்கம் பதித்து, சிங்கமும் சூரியனும் பிறையும் செதுக்கிய வரிசைப் பொருள். அன்றைய அரசன் மதுரைப் பக்கத்து நாயக்கர் வம்சம், எங்களுக்குக் கொஞ்சம் தூரத்துச் சொந்தம் என்று வைத்துக்கொண்டேன், கட்டணம் இல்லாத பெருமை அது ஒன்றுதானே. கீர்த்தி ஸ்ரீ ராஜசிங்கன் காலத்தில், 1765இல், டச்சுக்காரர் கண்டி அரண்மனைக்குள் புகுந்து அதைத் தூக்கிப் போனார்கள். அம்ஸ்டர்டாமில் ரைக்ஸ் மியூசியத்தில் பலகாலம் இருந்து, 2023 டிசம்பரில் இங்கே திரும்பி வந்த ஆறு பொருளில் அதுவும் ஒன்று. கூடவே வந்தவற்றில் இரண்டு, சுவரில் தாங்கிச் சுடும் பெரிய துவக்குகள். அவற்றின் பெயரை வாசித்ததும் எனக்குச் சிரிப்பு வந்துவிட்டது: மகா துவக்கு. சீயாவின் துவக்குக்கு ஒரு பெரியப்பா இருந்தால் இப்படித்தான் இருப்பார்.

பேரன் காரணம் கேட்டான். சொன்னேன்: நான் முப்பத்து நாலு வருடம் வேலை பார்த்த இடத்துக்குக் கந்தோர் என்று பெயர். அது தமிழும் இல்லை, சிங்களமும் இல்லை. டச்சுக்காரன் விட்டுப்போன சொல். அவன் துவக்கை எடுத்துக்கொண்டு கந்தோரை விட்டுப் போனான். 258 வருடம் கழித்துத் துவக்கைத் திருப்பிக் கொடுத்துவிட்டான். கந்தோரை வாங்கிக்கொண்டு போக மட்டும் யாரும் வரவில்லை. ஆங்கிலேயரும் அப்படித்தான், கண்டி அரசனின் சிம்மாசனத்தை 1934இல் கொண்டுவந்து கொடுத்தார்கள், உட்கார அரசன் இல்லாத நாட்டுக்கு. துவக்கு வந்துவிட்டது, பத்திரத்தோடு வாசலில் நின்றிருக்க வேண்டிய ஆட்கள்தான் இல்லை. இதைச் சொல்லும்போது எனக்குச் சீயாவின் மடித்த கடதாசி ஞாபகம் வந்தது. பேரனுக்குப் பசி வந்தது.

"இது சுடுமா தாத்தா?" என்று கடைசியாகக் கேட்டான். நான் கண்ணாடிமேல் கண்ணாடி இடிக்கக் குனிந்து குழல் வாயைப் பார்த்தேன். காவலாளி, "கிட்டப் போக வேண்டாம் ஐயா" என்றார். மருந்து இருக்கிறதா என்று பார்த்தேன் என்றேன். அவருக்கு விளங்கவில்லை. வெளியே ஆலமர நிழலில் ஐஸ் பழம் சூப்பிக்கொண்டு, பேரன் தன் கைபேசியில் ஒரு விளையாட்டைத் திறந்து, நான் வாழ்நாளில் பார்த்த துவக்குகளை விட அதிகமான துவக்குகளோடு, ஒரு சதம் செலவில்லாமல், நூற்றுக்கணக்கான பேரைச் சுட்டுத் தள்ளினான். ஒருவருக்கும் ரசீது கொடுக்கவில்லை.

இதையெல்லாம் டல்சாக்காரனிடம் சொல்லப் போனால் அவனுடைய டேட்டா முடிந்துவிடும். "போய்ப் பார்டா, டிக்கெட் காசுக்கு மோசமிருக்காது. விற்கிற எதையும் வாங்காதே" என்று மட்டும் சொன்னேன். போய்விட்டு வந்து படம் அனுப்பினான். துவக்கு மேசைகளுக்கு நடுவில் உலர்த்திய மாட்டிறைச்சி விற்கிற மேசை, மோதிரம் விற்கிற மேசை, படம் போட்ட பெனியன் விற்கிற மேசை. பல்லேகலை ஞாபகம் வந்தது. "என்னடா வாங்கினாய்?" "கத்தி தீட்டுற சாமான் ஒண்ணு, மாமா." நன்றாகத் தீட்டுகிறதாம்.

எனக்குப் பிறகு துவக்கு மேசை இரண்டு மூன்று பேர் கை மாறிவிட்டது. 2024 இறுதியில், சொந்தப் பாதுகாப்புக்கென்று வாங்கியிருந்த துவக்குகளைத் திருப்பி ஒப்படைக்கும்படி பாதுகாப்பு அமைச்சு சொன்னபோது, ஹெட்டிபொல கடைத்தெருவில் என்னைக் கண்டவர்கள் எல்லோரும், அது நம் சேனைத் துவக்குக்குமா மாத்தயா என்று விசாரித்தார்கள். ஓய்வு பெற்றவனுக்கு அதைவிட வேறு என்ன மரியாதை வேண்டும்? அந்த உரிமையில் ஒன்று சொல்கிறேன். இதை வாசிக்கிற யாரிடமாவது லைசன்ஸ் துவக்கு இருந்தால், டிசம்பர் 31க்கு முன்பே புதுப்பித்துக்கொள்ளுங்கள். கடைசி நாளில் கூட்டம். கொண்டுபோய்க் காட்டுவதென்றால், மருந்தை எடுத்துவிட்டுக் கொண்டுபோங்கள்.